பெரிய கம்பெனியின் வாசலா, சிறிய பட்டறையின் மெஷினா?

கேள்வி: பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன் நான், வயது 21. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த ஆண்டிலேயே அப்பாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்ததால் கல்லூரியில் சேரவில்லை. மூன்று ஆண்டுகளாக ஓசூரில் ஒரு காண்ட்ராக்டர் மூலம் அசெம்பிளி லைனில் வேலை செய்கிறேன். பிடித்தம் போகக் கையில் 14,200 ரூபாய் வருகிறது. சேர்ந்த நாளிலிருந்து 1,100 ரூபாய்தான் கூடியிருக்கிறது. மாதம் 5,000 ரூபாய் கடன் தவணை. தங்கை பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்துவிடு என்கிறார் மாமா. அரசு வேலைக்குப் படி என்கிறார் அம்மா. 1,50,000 ரூபாய் கொடுத்தால் சவுதிக்கு அனுப்புவதாக ஊரில் ஒருவர் சொல்கிறார். பட்டம் இல்லாமல் நல்ல சம்பளத்துக்கு வழி இருக்கிறதா? இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேர்வு செய்வதும், தேர்வானவர்களுக்கு மெஷின் வேலை கற்றுக்கொடுப்பதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில், வழி இருக்கிறது என்பதுதான். ஆனால் நீங்கள் இப்போது நிற்கும் லைனில் இன்னும் பத்து ஆண்டுகள் நின்றாலும் அந்த வழி திறக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்களைப் போன்ற பிள்ளைகள் பலர், பொறுமையாக இருந்தால் நிரந்தரமாக்குவார்கள் என்று நம்பிக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதைக் கடந்துவிடுவதை நான் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளில் 1,100 ரூபாய்தான் கூடியது என்பதற்கு உங்கள் உழைப்பில் எந்தக் குறையும் காரணமில்லை. அசெம்பிளி லைனில் ஒவ்வொரு இடத்து வேலையையும், இன்று புதிதாக வந்தவர் மதியச் சாப்பாட்டுக்குள் கற்றுக்கொள்ளும்படி திட்டமிட்டே பிரித்திருக்கிறார்கள். நான்கு ஸ்க்ரூவை முறுக்குவது, ஒரு ஒயரைச் செருகுவது, அடுத்தவருக்குத் தள்ளுவது என்று ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்த வேலையை நீங்கள் மூன்று ஆண்டுகள் செய்தாலும், மூன்று நாள் செய்தவரைவிட அதிகமாக உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நீங்கள் நின்றுவிட்டால் மறுநாள் காலை ஷிப்டுக்கு காண்ட்ராக்டர் வேறொருவரை வேனில் ஏற்றி வந்துவிடுவார். அப்படி எளிதில் நிரப்பக்கூடிய இடத்துக்கு யாரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை.

அதே கேட்டுக்குள், அதே கேன்டீனில் சாப்பிடுகிற வேறு சிலரை நீங்கள் கவனித்திருப்பீர்கள். லைன் நின்றுவிட்டால் கருவிப் பெட்டியோடு வருகிற மெயின்டனன்ஸ் ஆட்கள், டை என்கிற அச்சு பழுதானால் அதைக் கழற்றிக்கொண்டு போகிற டூல் ரூம் ஆட்கள், மெஷின் பிரிவில் இருக்கிற செட்டர்கள் ஆகியோர்தான் அவர்கள். அவர்களில் பலருக்குப் பட்டம் கிடையாது. ஐடிஐ முடித்தவர்களும், பத்தாம் வகுப்போடு பட்டறைக்குள் நுழைந்தவர்களும் நிறையப் பேர் உண்டு. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற நிறுவனங்கள் இங்கே வேரூன்றிய 1980-களிலிருந்து, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய பட்டறைகள் ஓசூரைச் சுற்றி வளர்ந்தன. இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், ஓசூர் அருகில் கைப்பேசி பாகங்கள் என்று புதிய ஆலைகள் வந்திருக்கின்றன. இவை அனைத்துக்கும் லைனில் நிற்க ஆள் கிடைத்துவிடுகிறது. மெஷினைச் செட் செய்ய ஆள் கிடைப்பதுதான் கடினமாக இருக்கிறது. ஆளெடுக்கும் மேசையில் இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்த அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

செட்டர் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அந்த வேலையில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் சிஎன்சி மெஷினில் ஆபரேட்டராக இருப்பவர் பாகத்தைப் பொருத்தி, கதவை மூடி, பொத்தானை அழுத்தி, வெளியே வந்த பாகத்தை அளந்து வைக்கிறார். ஆனால் ஒரு புதிய பாகத்துக்கு மெஷினைத் தயார் செய்வது செட்டரின் பொறுப்பு. ட்ராயிங்கைப் படித்து, எந்த முகத்தைப் பிடித்து எந்த முகத்தை முதலில் வெட்டுவது என்று முடிவு செய்து, பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் பிக்சரை மேசையில் இறுக்கி, டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை ஓட்டிப் பார்த்து நேராக்கி, ஒவ்வொரு டூலின் நீளத்தையும் மெஷினில் ஆஃப்செட் என்ற அளவுப் பதிவில் ஏற்றி, முதல் பாகத்தை மெதுவாக ஓட்டி, அதை அளந்து, அளவு எங்கே விலகியிருக்கிறது, ஏன் விலகியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் ஆபரேட்டரிடம் மெஷினை ஒப்படைப்பார். அதற்கும் மேலே ப்ரோக்ராம் எழுதுகிறவர் இருக்கிறார். இந்த மூன்று படிகளிலும் ஏறுவதற்குப் பட்டம் தேவைப்படுவதில்லை. ஆண்டுகள் தேவைப்படுகின்றன, பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க ஒருவரும் தேவைப்படுகிறார்.

அதற்கு ஏன் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றால், தவறின் விலை பெரிது. பட்டறையில் மைக்ரான் என்று பேசிக்கொள்வது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஒரு பேரிங் உட்காரும் துளையில் இருபது மைக்ரான் கூடினால்கூடப் பாகம் குப்பைக்குப் போகும். ஆஃப்செட்டில் ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டால் டூல் நேராக பிக்சரில் போய் மோதி, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் பழுதாகி, பல நாள் மெஷின் நிற்கும். இந்தப் பொறுப்பை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஆளை ஒரு முதலாளி எளிதில் விட்டுவிட மாட்டார். பென்னாகரம் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்போடு வந்த ஒருவர், முதல் ஆண்டு முழுவதும் வெட்டிய பாகத்தின் விளிம்பில் பிசிர் எடுக்கும் வேலையிலும் கூட்டிப் பெருக்கும் வேலையிலும் இருந்தபடியே, மதிய இடைவேளையில் பழைய ட்ராயிங்குகளை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்பார். அவருக்கு இப்போது பதினொரு ஆண்டு அனுபவம்; நான்கு மெஷின்களுக்கு அவரே செட்டர், ப்ரோக்ராமும் அவரே எழுதுகிறார். கையில் வாங்கும் சம்பளம் உங்களுடையதைப் போல மூன்று மடங்கு. அதை அடைய அவருக்குப் பதினொரு ஆண்டுகள் ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இனி, நீங்கள் எப்படித் தொடங்குவது? நேரான பாதை அரசு ஐடிஐ. மெஷினிஸ்ட், டர்னர், பிட்டர், டூல் அண்ட் டை மேக்கர், எலக்ட்ரீஷியன் ஆகியவை இரண்டு ஆண்டுப் படிப்புகள், வெல்டர் ஓராண்டு. ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு என்பதால் 21 என்பது தாமதமே இல்லை. அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டி, சீருடை, பாடப்புத்தகம் ஆகியவை கிடைக்கும். நீங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால், 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சேர்க்கையின்போதே அலுவலகத்தில் கேளுங்கள். மாநிலத்தின் 71 அரசு ஐடிஐ-களில் நான்காம் தலைமுறைத் தொழில்நுட்ப மையங்கள் அமைக்கப்பட்டு, சிஎன்சி மெஷின்களும் ரோபோக்களும் வந்திருக்கின்றன. படிப்பு முடிந்ததும் ஒரு தொழிற்சாலையில் உதவித்தொகையோடு தொழிற்பழகுநராக இருந்து, அதற்குரிய தேசியச் சான்றிதழையும் பெற வேண்டும். அந்தக் காலத்தை வீணென்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

வீட்டில் வேறு வருமானம் இருந்திருந்தால் இத்தோடு பதிலை முடித்து, உடனே விண்ணப்பியுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் 5,000 ரூபாய் தவணையும், அப்பாவின் உடல்நிலையும், தங்கையின் படிப்பும் உங்கள் ஒருவர் சம்பளத்தின் மேல் நிற்கும்போது, இரண்டு ஆண்டுகள் வேலையை விட்டுவிட்டுப் படியுங்கள் என்று சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது. கடன் இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆறேழு மாதத்தில் முடியும் என்றால், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அடுத்த சேர்க்கையில் ஐடிஐ-யில் சேருங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும் என்றால், வேலையை விடாமலேயே வேலையின் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனியின் லைனிலிருந்து ஒரு சிறிய மெஷின் பட்டறைக்குப் போங்கள்.

இது உங்கள் ஊரில் எப்படிப் பேசப்படும் என்று எனக்குத் தெரியும். பெயர் பெற்ற கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவன், தகரக் கூரை போட்ட பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கிறான் என்று நான்கு பேர் சொல்வார்கள். அம்மாவுக்கும் அது வருத்தமாக இருக்கும். ஆனால் அந்த அட்டையில் இருப்பது காண்ட்ராக்டரின் பெயர் என்பதை நீங்கள் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒருவர் வரவில்லையென்றால் அவர் வேலையை இன்னொருவர் பார்த்தாக வேண்டும். அதனால் ஓராண்டுக்குள் பிசிர் எடுப்பது, அளப்பது, லோடு செய்வது, டூலின் வெட்டுமுனையான இன்சர்ட்டை மாற்றுவது, ஆஃப்செட் திருத்துவது என்று எல்லாமே கைக்கு வந்துவிடும். முதல் சில மாதங்கள் சம்பளம் இப்போதைவிட ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் குறைவாகச் சொன்னால் வேண்டாம். உங்கள் வீடு தாங்காது.

ஓசூர் சிட்கோ, சிப்காட் தொழிற்பேட்டைகளில் வாராந்திர விடுமுறை நாள் ஒன்றில் நடந்தே சுற்றிப் பாருங்கள். 'ஆள் தேவை' என்ற பலகை பல கேட்டுகளில் தொங்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமிலும் இத்தகைய பட்டறைகள் வருகின்றன. உள்ளே போனதும் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எந்த மெஷினில் நிறுத்துவீர்கள், யார் கற்றுக்கொடுப்பார், அளவுக் கருவிகளைத் தொட விடுவீர்களா, எத்தனை மாதத்தில் செட்டிங் பக்கம் போகலாம் என்பவையே அவை. இந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுத்துப் பதில் சொல்கிற முதலாளியிடம் சேரலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஓரளவு கன்னடமும் தெலுங்கும் காதில் விழுந்திருக்கும். அதைப் பேச்சாக வளர்த்துக்கொண்டால், பொம்மசந்திரா, ஜிகணி, பீன்யா என்று பெங்களூருப் பட்டறைகளும் பின்னாளில் உங்களுக்குத் திறந்திருக்கும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓடும் பட்டறையில், கையைக் காக்கும் தடுப்பு இல்லாத மெஷினில், எவ்வளவு சம்பளம் சொன்னாலும் நிற்காதீர்கள். நான் பயிற்சி கொடுத்து அனுப்பிய ஒரு பையன், உற்பத்தி வேகம் குறைகிறது என்று கையைக் காக்கும் சென்சாரை அணைத்து வைத்திருந்த ஒரு பட்டறையில், சேர்ந்த ஐந்தாவது வாரத்தில் வலது கையின் இரண்டு விரல்களை இழந்தான். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-யில் பெயர் பதியாமலேயே அவனை வேலைக்கு நிறுத்தியிருந்தார்கள். அவனை அனுப்பும் முன் நான் அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்த வருத்தம் என்னைவிட்டு இன்னும் போகவில்லை. வேலையிடத்து விபத்துக்கான இஎஸ்ஐ பாதுகாப்பு, பதிவான தொழிலாளிக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். ஆகவே சேரும் நாளிலேயே இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போதைய வேலையை விடுவதற்கு முன் பிஎஃப் கணக்கையும் சரிபாருங்கள். உங்கள் சம்பளச் சீட்டில் 12 சதவீதம் பிடித்திருந்தால் அதே அளவு நிறுவனமும் செலுத்த வேண்டும். இரண்டும் உங்கள் 12 இலக்க யுஏஎன் எண்ணில் மாதந்தோறும் ஏறியிருக்கின்றனவா என்று உமாங் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டிருந்தால் முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்பதால், சம்பளச் சீட்டுகளோடு பிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அந்தப் பணத்தை இப்போது எடுத்துச் செலவழிக்காமல், அதே எண்ணைப் புதிய இடத்தில் கொடுத்துத் தொடருங்கள்.

பட்டறையில் கற்றது வெறும் வாய்ச்சொல்லாக நின்றுவிடக் கூடாது. ஐடிஐ-யில் படிக்காமலேயே, அந்தத் தொழிலில் உரிய ஆண்டுகள் வேலை செய்தவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதி, தேசியத் தொழிற்சான்றிதழ் பெறும் வாய்ப்பு இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கான அறிவிப்பை வெளியிடும். அதற்கு அனுபவச் சான்று வேண்டும் என்பதாலேயே, பிஎஃப் கட்டும், சம்பளச் சீட்டு கொடுக்கும் பட்டறையில் சேர வேண்டும் என்கிறேன். இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தால் பொறியியல் கல்லூரியிலும் அதேபோல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இன்று கல்லூரிக்குப் போகவில்லை என்பதால் அந்தக் கதவு மூடிவிடவில்லை.

மெஷின் வேலையில் மனம் ஒட்டவில்லை என்றால் வெல்டிங்கைப் பாருங்கள். கிரில் பட்டறையில் ராடு ஒட்டுவதும் குழாய் வெல்டிங்கும் ஒன்றல்ல. 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிலும் வெல்டு வைத்து, எக்ஸ்ரே சோதனையில் தேறுகிறவரை 6ஜி வெல்டர் என்பார்கள். பாய்லர், சுத்திகரிப்பு ஆலை, கப்பல் தளம் என்று எங்கும் அவர்களுக்குத் தேவை இருக்கிறது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சியும் தகுதிச் சான்றும் அளிக்கிறது.

மாமா சொல்லும் பி.ஏ. தவறான யோசனை அல்ல; நேரம்தான் தவறு. ஆலைக்குள் அஞ்சல்வழிப் பட்டம் சம்பளத்தைக் கூட்டுவதை நான் கண்டதில்லை. பட்டதாரிகளுக்கான அரசுத் தேர்வுகளை எழுத அது உதவும்; செட்டராக நிலைத்த பிறகு விருப்பமிருந்தால் செய்யுங்கள்.

அம்மா சொல்லும் அரசு வேலைக்கு உங்களுக்கு இன்றே தகுதி இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருகின்றன. இளநிலை உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் பல லட்சம் பேர் எழுதும் தேர்வு அது. வேலையோடு சேர்த்து, ஒரு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள். வேலையை விட்டுவிட்டு அதை மட்டுமே நம்பி அறையில் உட்காராதீர்கள். தொழிற்சான்றிதழ் கைக்கு வந்தால் ரயில்வேயின் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் தேர்வுகளும் உங்களுக்குத் திறக்கும். அவற்றில் பத்தாம் வகுப்போடு உரிய பிரிவில் ஐடிஐ சான்றிதழ் கேட்கிறார்கள்.

சவுதி விஷயத்தில் என் பதில், இப்போது வேண்டாம் என்பதே. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவருக்கு மட்டுமே உரிமை உண்டு. அவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். 1,50,000 கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். நீங்கள் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர் என்பதால் உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வுச் சோதனை, அதாவது வேலைக்கு வெளிநாடு போகும் முன் அரசிடம் வாங்கும் அனுமதி, தேவைப்படாது. அதனால் ஒப்பந்தத்தை அரசுத் தரப்பில் யாரும் பார்க்காமலேயே நீங்கள் விமானம் ஏறிவிட முடியும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. கடன் வாங்கி ஹெல்ப்பராகப் போகிறவர் அங்கேயும் ஹெல்ப்பராகவே இருக்கிறார், வட்டியும் கட்டுகிறார். நான்கைந்து ஆண்டுகளில் செட்டராகவோ 6ஜி வெல்டராகவோ ஆன பிறகு போக விரும்பினால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்துகொண்டு போங்கள்.

தங்கையை எந்தக் காரணத்துக்காகவும் பிளஸ் டூவோடு நிறுத்திவிடாதீர்கள். அவரும் அரசுப் பள்ளி மாணவி என்றால் பட்டப்படிப்பு, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம்.

அடுத்த ஒரு மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தேடியெடுத்து முக்கோணவியல் பாடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். கோணமும், டேப்பர் என்கிற சரிவும் கணக்கிட அது தினமும் வேண்டியிருக்கும். ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி, வீட்டில் கிடைக்கும் போல்ட், குழாய், தட்டு என்று எல்லாவற்றையும் அளந்து, 0.02 மில்லிமீட்டர் வரை தயங்காமல் வாசிக்கப் பழகுங்கள். பட்டறைக்குப் போகும்போது அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனால், உங்களை நிமிர்ந்து பார்ப்பார்கள். ஐந்து பட்டறைகளிலாவது அந்த நான்கு கேள்விகளைக் கேட்டு, கிடைத்த பதில்களையும், கடன் முடியும் மாதத்தையும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டின் விவரத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஐடிஐ-யா, பட்டறையா, பட்டறை என்றால் அந்த ஐந்தில் எது என்பதை அப்போது சேர்ந்து முடிவு செய்வோம்.